இலவச வெர்ஷன்ல லிமிட் வெச்சா பைசா வருமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம் பக்கம் கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் செஞ்சு கொடுக்கிறதுதான் என் தொழில். நாகர்கோவில், தக்கலை, கருங்கல் பக்கம் காலேஜ் முடிச்சிட்டு சொந்தமா ஆப் பண்ற பிள்ளைங்க என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குறது ஒண்ணுதான், இலவசமா கொடுக்கிற வெர்ஷனை எவ்வளவு முடக்கினா ஜனங்க பைசா கொடுத்து வாங்குவாங்கன்னு. போன்ல பாதி, சாயக்கடையில மீதின்னு துண்டு துண்டா சொல்லிட்டு இருந்ததை இங்கன ஒரே இடத்துல எழுதி வெச்சிருக்கேன். நான் தப்பு பண்ணி கத்துக்கிட்டதும் இதுல இருக்கு.

நேரா சொல்லுங்க, லிமிட் வெச்சா நெறைய பேர் வாங்குவாங்களா?

வாங்கணும்னு ஏற்கனவே பாதி மனசு இருக்கிறவங்க வாங்குவாங்க. மனசே இல்லாதவங்க லிமிட்டைப் பாத்ததும் வேற ஆப்பை தேடிப் போயிடுவாங்க. ஆசையை உண்டாக்குறது லிமிட்டோட வேலை இல்ல, நம்ம சாப்ட்வேர் அவங்க கையில தினமும் புழங்கிப் புழங்கி, இது இல்லாம நாளைக்கு கடை திறக்க முடியாதுன்னு ஆகிற நெலமைதான் ஆசையை உண்டாக்கும். அந்த நெலமை வந்த ஆளுகிட்ட "சரி, இப்ப வாங்குங்க"ன்னு கேக்குறதுக்கு மட்டும்தான் லிமிட் உதவும். அது வர்றதுக்கு முன்னாடியே கேட்டா அந்த ஆளு போயிடுவாரு, போனவரு திரும்பி வர்றது ரொம்ப கஷ்டம்.

அப்போ லிமிட்டே இல்லாம விட்டுட்டா? பைல்களைச் சுருக்கி வெக்கிற வின்ரார் சாப்ட்வேர் அப்படித்தானே இருக்கு?

எல்லாரும் சொல்ற உதாரணம் இது. வின்ரார் 40 நாள் டிரையல்னு சொல்லும், 40 நாள் கழிஞ்சாலும் ஒரு பெட்டி வந்து வாங்கச் சொல்லுமே தவிர வேலை நிக்காது. 1990கள்ல இருந்து இப்படியே ஓடுது. ஆனா அதைப் பாத்து நாமளும் அப்படி விடலாம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க, வீட்ல சும்மா பயன்படுத்துறவன் பைசா கொடுக்கலன்னாலும் அவனுக்கு பழகிப் போச்சு, அவனே ஒரு கம்பெனியில வேலைக்குப் போனா அங்கயும் அதைத்தான் கேப்பான், கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லாம வெச்சிருக்க பயம், அதனால அவங்க பைசா கட்டுவாங்க. உலகம் பூரா ஆளு இருக்கிற சாமானுக்கு இந்த வழி ஒக்கும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கிற கடைக்குன்னு நாம செய்யிற சாப்ட்வேருக்கு அந்த மாதிரி பெரிய கம்பெனி எங்க இருந்து வரும்?

இன்னொரு பழைய உதாரணம் எனக்கு ரொம்ப பிடிச்சது. 1993ல டூம்ங்கிற துப்பாக்கிச் சண்டை கேம் வந்தப்போ மூணு பாகத்துல முதல் பாகத்தை முழுசா இலவசமா விட்டாங்க, யாருக்கு வேணும்னாலும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம்னாங்க, மீதி ரெண்டு பாகம் வேணும்னா பைசா. கொடுத்த பாகத்துல ஒரு குறையும் வைக்கல. துப்பாக்கியைப் பிடுங்கி வெச்சிட்டு, பாதி மேப்பை இருட்டாக்கி விட்டிருந்தா எவனும் மீதியைக் கேட்டிருக்க மாட்டான்.

சரி, லிமிட்டை எந்த இடத்துல வைக்கணும்?

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கணக்கு எழுதுற சாப்ட்வேர் டேலியை எடுத்துக்கங்க. நம்ம ஊர்ல டேலி படிச்சவங்களுக்கு எல்லாம் தெரியும், லைசென்ஸ் இல்லாம எஜுகேஷனல் மோட்ல திறந்தா மாசத்துல 1, 2, 31 இந்த தேதிகள்ல மட்டும்தான் வவுச்சர், அதாவது வரவு செலவு பதிவு, போட முடியும். யோசிச்சுப் பாத்தா எவ்வளவு நல்ல வேலி அது. வடசேரி பக்கம் கம்ப்யூட்டர் சென்டர்ல படிக்கிற பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல, லெட்ஜர் போடலாம், ஸ்டாக் பாக்கலாம், ஜிஎஸ்டி கணக்கு பழகலாம், தேதி 1ன்னு இருந்தா என்ன 17ன்னு இருந்தா என்ன. ஆனா ஒரு கடைக்காரர் அதை வெச்சு ஒரு வாரம் கூட கடை நடத்த முடியாது. படிக்கிறவனுக்கு முழுசும் இலவசம், சம்பாதிக்கிறவருக்கு பைசா, நடுவுல ஒரு தேதி மட்டும் நிக்குது. படிச்ச பிள்ளை வேலைக்குப் போற இடத்துல டேலியைத்தான் வாங்கச் சொல்லும்.

நான் இதைப் புரிஞ்சுக்காம வெச்ச லிமிட்டைச் சொல்றேன். ஒரு நாளைக்கு 30 பில். சின்னக் கடைக்கு 30 தாராளம், வளர்ந்தா வாங்குவாங்க, காகிதத்துல கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஒரு ஏத்தங்காய் சிப்ஸ் கடை, அக்கா ஒருத்தங்க நடத்துறாங்க, அண்ணன் பின்னால வறுத்துக்கிட்டு இருப்பாரு. சாதாரண நாள்ல 20 பில் தாண்டாது. ஓணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அந்த வழியா போனவன் கடைக்குள்ள ஏறி நிக்கேன். தேங்காய் எண்ணெய் வாசம் மூக்கை அடைக்குது, பாக்கெட் ஒட்ட ஒட்ட போய்க்கிட்டே இருக்கு, ஆளு ரோடு வரைக்கும் நிக்குது. அப்போதான் திரையில நான் எழுதின அந்த நீலப் பெட்டி வந்துச்சு, இன்றைய வரம்பு முடிந்ததுன்னு. எண்ணெய்க் கையோட அக்கா மவுஸை ரெண்டு தட்டு தட்டிப் பாத்தாங்க, என்னை ஒரு பார்வை பாத்தாங்க, டிராயரை இழுத்து பழைய பில் புக்கையும் கார்பன் தாளையும் எடுத்து எழுத ஆரம்பிச்சிட்டாங்க. "இப்பவே திறந்து தாரேன் அக்கா"ன்னு சொன்னேன். "இப்ப அத நோக்க நேரமில்ல மக்ளே, ஆளு நிக்குது"ன்னாங்க. ஓணம் கழிஞ்சு போய்ப் பாத்தா கம்ப்யூட்டர் மேல துணி போட்டு மூடி வெச்சிருக்கு.

என் லிமிட் அவங்க வாழ்க்கையில ரொம்ப பரபரப்பா இருந்த நிமிஷத்துல போய் விழுந்துச்சு, தப்பு அங்கதான். அதிகமா வியாபாரம் நடந்தா லிமிட் வரும்னா என்ன அர்த்தம், அதிகமா வியாபாரம் நடக்கிற நேரத்துல கை கட்டிப் போடுவேன்னுதானே அர்த்தம். அப்புறம் பில் எண்ணிக்கையை முழுசா எடுத்துட்டேன். இப்ப பில் எத்தனை வேணும்னாலும் போடலாம். மாசக் கடைசியில ஜிஎஸ்டி ரிப்போர்ட்டை ஆடிட்டர் கேக்குற மாதிரி எடுக்கிறது, ரெண்டாவது கவுண்டர் சேக்குறது, வாட்ஸ்அப்ல பில் அனுப்புறது, இது மூணுக்கும்தான் பைசா. இதெல்லாம் கடை அடைச்ச பிறகு முதலாளி நிதானமா உக்காந்து யோசிக்கிற விஷயங்க. மாசா மாசம் ரிட்டர்ன் போடுறவங்களுக்கு விற்பனை விவரம் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாசம் 11ம் தேதிக்குள்ள போகணும், வரி கட்டுற ஜிஎஸ்டிஆர்-3பி 20ம் தேதிக்குள்ள. அதுக்கு முன்னால வர்ற ராத்திரிகள்லதான் அவங்களுக்கு இதோட மதிப்பு நல்லா தெரியுது. கவுண்டர்ல கேட்டா எரிச்சல்தான் வரும், கணக்கு பாக்குற நேரத்துல கேட்டா விலையை விசாரிக்கிறாங்க.

நாள் கணக்குல டிரையல் வைக்கலாமா, வசதியைக் குறைக்கலாமா?

எந்த வேலைக்கான சாப்ட்வேர்ங்கிறதைப் பொறுத்தது. எல்லாரும் வெக்கிறாங்கன்னு 15 நாள் வெக்காதீங்க. பில்லிங்ல ஒரு மாசக் கடைசி கூட பாக்காம அந்த சாப்ட்வேர் நல்லதா கெட்டதான்னு யாருக்கும் தெரியாது, அதனால குறைஞ்சது 45 நாளாவது விடணும். டியூஷன் பீஸ் ஆப்னா பிள்ளைங்க சேருற ஜூன் மாசமும் பீஸ் வசூல் பண்ற ஜூலையும் உள்ள வரணும். அவங்க தொழில்ல ஒரு சுத்து முடியணும், அதுதான் கணக்கு.

இன்னொரு சின்ன விஷயம், டிரையல் முடியிற நேரத்தைப் பாருங்க. ராத்திரி 12 மணிக்கு முடியிற மாதிரி புரோகிராம்ல எழுதிடுவோம், யாரும் யோசிக்கிறதில்ல. தோவாளை பூ மார்க்கெட்டுல வியாபாரம் விடியறதுக்கு முன்னாடியே சூடு பிடிச்சிடும். அங்க உள்ள ஒருத்தருக்கு 12 மணிக்கு லாக் ஆனா, பூ வந்து இறங்குற நேரத்துல கம்ப்யூட்டர் திறக்காது, உங்க போனும் தூக்கத்துல இருக்கும். மத்தியானம் 2 மணிக்கு மாத்துங்க, ஒரு வாரம் முன்னாடியே திரையில ஒரு ஓரமா சொல்லிட்டு இருங்க.

வாட்டர்மார்க் போடுறது நல்ல வழியா?

வீடியோ, போஸ்டர் மாதிரி விஷயங்களுக்கு ரொம்ப நல்லது. கைன்மாஸ்டர் ஆப்ல இலவசமா வீடியோ எடிட் பண்ணினா மூலையில அந்த ஆப்போட பேரு வரும். வீட்டு பங்ஷன் வீடியோவுக்கு அது யாருக்கும் உறுத்தாது, கல்யாண வீடியோ எடுத்துக் கொடுக்கிற ஸ்டுடியோக்காரருக்கு அதோட கொடுக்க முடியாது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடி மானம் போயிடும். டேலி தேதி மாதிரிதான் இதுவும், சம்பாதிக்கிறவரை மட்டும் பிரிச்சு எடுக்குது. அதோட அந்த பேரு நமக்கு விளம்பரமும் ஆயிடுது.

சேவ் பண்ண விடாம வைக்கிறது?

எனக்கு பிடிக்காது. பாட்டு உருவாக்குற எஃப்எல் ஸ்டுடியோ சாப்ட்வேரோட டிரையல்ல பாட்டை சேவ் பண்ணலாம், ஆனா சேவ் பண்ணினதை திரும்ப திறக்கணும்னா வாங்கணும். அதுல ஒரு நியாயம் இருக்கு, முதல்லயே அப்படின்னு சொல்லிடுறாங்க, உழைப்பு பத்திரமா அங்கேயே இருக்கும், வாங்கின அன்னிக்கு திறந்துக்கலாம். ஆனா ரெண்டு மணி நேரம் வேலை பாக்க விட்டுட்டு கடைசியில சேவ் அமுக்குற நேரம் மட்டும் "பைசா கட்டு"ன்னு நிக்கிற ஆப்புங்க இருக்கு பாருங்க, அது ஜனங்களைப் பிடிச்சு வெச்சு பைசா கேக்குறது. அதை நம்ம ஊர்ப் பிள்ளைங்க யாரும் செய்யக்கூடாதுன்னுதான் சொல்லுவேன்.

முதல்ல இலவசமா கொடுத்ததை பிறகு எடுக்கலாமா?

எடுக்க வேண்டி வரலாம், ஆனா எடுக்கிற முறை இருக்கு. ஒண்ணு கிடைச்சா வர்ற சந்தோஷத்தை விட அதே ஒண்ணு கையை விட்டுப் போனா வர்ற வலி பெருசுன்னு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979லயே எழுதி வெச்சாங்க. குறிப்பு எழுதி வெக்கிற ஆப் எவர்நோட் 2016ல இலவசக் காரங்களுக்கு ரெண்டு கருவி மட்டும்னு குறைச்சுச்சு, 2023 டிசம்பர்ல 50 நோட்டு, ஒரே ஒரு நோட்புக்னு இன்னும் குறைச்சுச்சு. வருஷக் கணக்கா ஆயிரக்கணக்குல நோட்டு சேத்து வெச்சவங்களுக்கு அது எப்படி இருக்கும். பாஸ்வேர்டு சேத்து வெக்கிற லாஸ்ட்பாஸ் 2021 மார்ச்ல, இலவசமா வேணும்னா போன் இல்லன்னா கம்ப்யூட்டர் ஏதாவது ஒரு பக்கம் மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்லுச்சு. இந்த மாதிரி சமயத்துல கொஞ்ச பேர் பைசா கட்டுவாங்க, உண்மைதான், ஆனா நாலு பேருக்கு நம்மளை சொல்லிக் கொடுத்துட்டு இருந்தவங்க அன்னைக்கு நிறுத்திடுவாங்க.

கூகுள் போட்டோஸ் செஞ்சது இதைவிட மரியாதையான வழி. அளவில்லாம போட்டோ ஏத்துற வசதியை 2021 ஜூன் 1ல இருந்து நிறுத்துறோம்னு 2020 நவம்பர்லயே சொன்னாங்க, அந்த தேதிக்கு முன்னாடி ஹை குவாலிட்டியில ஏத்தினது இலவசமா கிடைக்கிற 15 ஜிபி இடத்தோட கணக்குல சேராதுன்னும் சொல்லிட்டாங்க. பழசு பழசுதான், புதுசுக்கு புது விதி. ஜியோவும் 2016 செப்டம்பர்ல எல்லாம் இலவசம்னு வந்தப்போ முடியிற தேதியையும் சேர்த்தே சொல்லுச்சு, ஒரு தடவை நீட்டிச்சாங்க, 2017 மார்ச் 31 வரைக்கும். அதுக்குள்ள ஜனங்களுக்கு போன்ல படம் பாத்து பழகிப் போச்சு. முடியப் போகுதுன்னு தெரிஞ்சே வாங்கினதால, ஏமாத்திட்டாங்கன்னு தோணல.

பைசா கட்டாதவரோட கணக்கை லாக் பண்ணலாமா?

வேண்டாம். புது பில் போடுறதை நிறுத்துங்க, அது நியாயம். பழைய கணக்கைப் பாக்கவும் எக்செல்ல எடுத்துக்கவும் எப்பவும் விடணும். அது அவரோட வியாபாரம், நம்மளோடது இல்ல. 10ம் தேதி ராத்திரி ஆடிட்டருக்கு அனுப்ப முடியாம ஒரு மனுஷன் லேட் பீஸ் கட்ட வேண்டி வந்தா, அந்தக் கோபம் மார்த்தாண்டம் மார்க்கெட் பூரா சுத்தும். நம்ம மாவட்டம் சின்னது, கடைக்காரங்க எல்லாரும் எங்கயாவது ஒரு வழியில சொந்தக்காரங்க.

லிமிட் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் யாரும் கட்டல. ஏன்?

பாதி நேரம் பிரச்சினை லிமிட்ல இருக்காது, கட்டுற வழியில இருக்கும்.

முதல்ல, பூஜ்யத்துல இருந்து ஒரு ரூபாய்க்குப் போறது ஒண்ணுல இருந்து நூறுக்குப் போறதை விட கஷ்டம். ஷாம்பானியர், மசார், ஏரியலி மூணு பேரும் 2007ல எழுதின ஒரு ஆராய்ச்சியில உயர்ந்த சாக்லேட் 15 சென்ட், சாதா சாக்லேட் 1 சென்ட்னு வெச்சப்போ 73 சதவீதம் பேர் உயர்ந்ததை எடுத்தாங்க, ரெண்டுலயும் ஒரே ஒரு சென்ட் குறைச்சு 14ம் பூஜ்யமும்னு ஆக்கினதும் 69 சதவீதம் பேர் இலவசத்துக்குத் தாவிட்டாங்க. வித்தியாசம் மாறவே இல்ல, பூஜ்யம் வந்ததுதான் மாற்றம். அதனால 'விலை குறைவா வெச்சா போதும், கட்டிடுவாங்க'ன்னு நம்பி இருக்காதீங்க.

அடுத்தது பைசா வர்ற குழாய். 2021 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டுல தானா பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆளுக்கு தகவல் போகணும், ஒரு அளவுக்கு மேல போனா ஓடிபி போடணும். அந்த அளவு முதல்ல 5,000 ரூபாய், 2022ல 15,000 ஆக்கினாங்க. கார்டு சந்தாவையே நம்பி இருந்த நெறைய சேவைகளுக்கு அப்போ புதுப்பிப்பு அறுந்து போச்சு. நம்ம கடைக்காரங்ககிட்ட கார்டே கேக்காதீங்க, யுபிஐ க்யூஆர் காட்டுங்க, மாசா மாசம் இல்லாம வருஷத்துக்கு ஒரு தடவை வாங்குங்க.

வருஷத்துல எந்த மாசம்ங்கிறதுதான் ரொம்ப முக்கியம், அதை வெளியூர் கம்பெனிக்காரங்க யாரும் யோசிக்க மாட்டாங்க. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரை கணக்குல வரும், அங்க விசைப்படகுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காப்பட்டணம் மேற்குக் கடற்கரை கணக்கு, அங்க ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரை. ஐஸ் கம்பெனிக்கோ மீன் கமிஷன் கடைக்கோ ஜூன்ல புதுப்பிப்பு வந்தா எங்க இருந்து கட்டுவாங்க? ரப்பர்லயும் இலை உதிர்ற மாசங்கள்லயும் நல்ல மழையிலயும் பால் வெட்டு இருக்காது, கடையில வரவு குறைஞ்சிடும். நான் ரெண்டு கூட்டத்துக்கும் தேதியை நகத்திக் கொடுத்திருக்கேன். லிமிட்டை இறுக்குறதை விட இது எனக்கு அதிகம் பலன் கொடுத்துச்சு.

நூறு பேர் இலவசமா எடுத்தா எத்தனை பேர் வாங்குவாங்க?

பொதுவா இந்தத் தொழில்ல உள்ளவங்க சொல்ற கணக்கு நூத்துக்கு 2ல இருந்து 5 பேர். இதை நம்ம ஊருக்கு வெச்சுப் பாருங்க. 2011 கணக்கெடுப்புல நம்ம மாவட்டத்து ஜனத்தொகையே 18.7 லட்சம், அதுல உங்க சாப்ட்வேர் தேவைப்படுற கடை எத்தனை இருக்கும்? லட்சக்கணக்குல ஆளு வர்ற ஆப்புக்குத்தான் நூத்துக்கு ரெண்டு போதும். ஒரு தொழிலுக்கு, ஒரு ஏரியாவுக்குன்னு செய்யிறவங்களுக்கு இலவச வெர்ஷனே சரி வராமலும் போகலாம், நேரா கடையில போய் உக்காந்து காட்டி, டிரையல் கொடுத்து, விலை சொல்லி விக்கிறதுதான் கொள்ளாம்.

இலவசமா பயன்படுத்துறவங்களால நமக்கு நஷ்டமா?

சாப்ட்வேர் அவங்க கம்ப்யூட்டர்லயே ஓடினா சர்வர் செலவு ஒண்ணும் இல்ல. செலவு வர்றது போன்லதான். பிரிண்டர்ல பேப்பர் சிக்கினாலும் நம்மளைத்தான் கூப்பிடுவாங்க. யோசிச்சுப் பாத்தா நம்ம ஊர்ல ஜனங்க பைசா கொடுக்கிறதே அதுக்குத்தான், கூப்பிட்டா எடுப்பான், தேவைப்பட்டா வண்டி எடுத்துட்டு வருவான்னு. அதனால நான் இப்ப சொல்றது, வசதிகளை தாராளமா விடுங்க, உங்க நேரத்துக்கு வேலி போடுங்க. இலவசத்துல உள்ளவங்களுக்கு வாட்ஸ்அப்ல கேள்வி, மறுநாள் பதில். பைசா கட்டினவங்களுக்கு உடனே போன், நேர்ல வருகை. இந்த லிமிட்டைப் பாத்து எரிச்சல்பட்ட ஒருத்தரை கூட நான் பாக்கல, நியாயம்தான்னு அவங்களே சொல்றாங்க.

ரொம்ப லிமிட் வெச்சா பூட்டை உடைச்சு கிராக் பண்ணிட மாட்டாங்களா?

பண்ணுவாங்க. கிராக்ல வைரஸ் வந்து கணக்கு பூரா போன கடைக்காரரையும் பாத்திருக்கேன். பூட்டு மேல பூட்டு போட்டா பைசா கட்டினவருக்குத்தான் தொல்லை, அதுல நேரத்தை வீணாக்காதீங்க.

வெச்ச லிமிட் வேலை செய்யுதான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

மாத்தினா புதுசா வர்றவங்களுக்கு மட்டும் மாத்துங்க, பழைய ஆளுங்களைத் தொடாதீங்க. வாங்கினவங்களை மட்டும் எண்ணாதீங்க, மூணு மாசம் கழிச்சு எத்தனை பேர் இன்னும் திறக்கிறாங்கன்னு எண்ணுங்க. நான் 30 பில் லிமிட் வெச்சிருந்தப்போ வாங்கினவங்க கணக்கு மட்டும்தான் வெச்சிருந்தேன், சத்தமில்லாம போனவங்க என் கணக்குலயே வரல.

அந்த சிப்ஸ் கடை அக்கா திரும்ப வந்தாங்களா?

இல்ல. எண்ணிக்கை லிமிட்டை எடுத்த பிறகு நேர்ல போய் சொன்னேன், ஒரு வருஷம் பைசாவே வேண்டாம்னும் சொன்னேன். சிரிச்சிட்டு ஒரு பிடி சூடா கையில கொடுத்தாங்க. பில் புக்கை தட்டிக் காட்டி, "இருக்கட்டு மக்ளே, இது நடுவுல நிக்காதுல்லா"ன்னாங்க.